பின்வரிசையின் குரல்

விரிவுரையாளர் கிருஷ்ணராஜுக்குச் சில வருடங்களாகக் காது மந்தம். வெள்ளவத்தை வீட்டில் மனைவி மேனகாவைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. விரிவுரை மண்டபத்தில் முன்வரிசைப் பிள்ளைகளின் வாயசைவைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். பின்வரிசையில் யாராவது கேள்வி கேட்டால், அதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். காதில் மிஷின் மாட்டக் கூச்சம். பேசாமல் வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தார்.

அப்போதுதான் கொரோனா வந்தது. ஊரடங்கில், எந்நேரமும் வாகனம் ஓடும் கொழும்புக் காலி வீதியே வெறிச்சோடிக் கிடந்தது. பல்கலைக்கழகம் அவசர அவசரமாக வகுப்புகளை சூமுக்கு மாற்றச் சொல்லிவிட்டது. கமராவை நிறுத்திவிட்டு இருக்கப்போகிற பிள்ளைகளின் வாயசைவை எங்கே பார்ப்பது? காலைச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை. மேனகா மகனின் பழைய ஹெட்போனைத் தேடியெடுத்து அவர் தலையில் மாட்டி, சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.

பாடம் பாதியில் ஒரு பெண் கேள்வி கேட்டாள். பக்கத்திலிருந்து கதைப்பது போல ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்ததும் கேட்டது. கிருஷ்ணராஜ் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். பெயர் கேட்டார். கொட்டாஞ்சேனை சிவானி, எப்போதும் கடைசி வரிசை வாங்கில் இருப்பவள்.

அவசரப்படாமல் ஆறுதலாக விளக்கிச் சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். நேரம் முடிந்தும் யாரும் போகவில்லை. கடைசியில் சிவானி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சேர், குறை நினைக்காதீங்கோ. நீங்கள் எங்களைக் கணக்கெடுக்கிறேல்லை எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சம்."

மழுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

"அப்பிடியில்லை பிள்ளை. எனக்குக் காது சரியாக் கேக்கிறேல்லை. சொல்ல வெக்கமா இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. மட்டக்குளி ராசிக் மட்டும், தன் வாப்பாவும் மிஷின்தான் போட்டிருக்கிறார் என்றும், பொரளையில் நல்ல டொக்டர் ஒருவர் இருக்கிறார் என்றும் சொன்னான். நம்பரையும் அனுப்பிவைத்தான்.

ஹெட்போனைக் கழற்றியபோது கிருஷ்ணராஜுக்கு உடம்பே லேசாகிவிட்டது போலிருந்தது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மேனகா ஏதோ கேட்டாள். விளங்கவில்லை. மற்ற நாட்களென்றால் சும்மா தலையாட்டியிருப்பார். இன்றைக்கு எழுந்து கிட்டப் போனார்.

"என்ன கேட்டனீர்? திருப்பிச் சொல்லும்."

பசிக்கிறதா என்று கேட்டாளாம்.

"ஓம்," என்றார். "நல்லாப் பசிக்குது."