நூற்றுப் பதினெட்டாம் நம்பர் சாக்கு

சோலைமலை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வாய்க்கால் முகப்புக் கம்பிகளில் ஒட்டியிருந்த இலைகளை இரும்பு வாரியால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். கால் விரல்கள் மரத்துப்போய் வெகுநேரமாகிவிட்டது. ஓர் இலை அடைத்தாலும் கீழே சக்கரம் ஒரு சுற்றுக் குறையும் என்று மின்நிலைய மனேஜர் ஜெயதீபன் சேர் சொல்லியிருந்தார்.

அங்கே ஆற்றை அணை கட்டி மறித்திருந்தார்கள். வாய்க்கால் அதை மலையோரமாகக் கொண்டுபோய்த் தொட்டியில் நிரப்பும். தொட்டியிலிருந்து இரும்புக் குழாய் செங்குத்தாக இறங்கும். அந்த வேகத்தில் தண்ணீர் சக்கரத்தை அடிக்க, சக்கரத்தோடு ஜெனரேட்டரும் சுற்றும். கரண்டு கம்பியேறி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளுக்கு மேலாகவே டவுனுக்குப் போய்விடும். தண்ணீர் மின்நிலையத்துக்கு அப்பால்தான் மறுபடி ஆற்றில் விழும். அணைக்கும் மின்நிலையத்துக்கும் நடுவில் இருந்தது லயம்.

அதனால் லயத்துக்கும் ஆற்றில் தண்ணீர் ஓட அணையின் அடியில் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். எந்தக் காலத்திலும் அதை மூடக்கூடாது என்பது சட்டம். தை மாதம் மழை நின்று சக்கரம் தடுமாறியபோது சேர் வந்தார்.

"அந்த ஓட்டையை அடையும், சோலைமலை."

"லயத்துக்குத் தண்ணி போகாதுங்களே சேர்."

"ரெண்டு கிழமைதானே, மழை வந்திடும். ஏலாதெண்டா சொல்லும், வேற ஆளைப் பாக்கிறன்."

அடைக்கச் சொன்னவர் ஒரு சாக்குகூடத் தரவில்லை. சோலைமலை வீட்டுக்குப் போய்க் கொடியில் கிடந்த சாக்கை எடுத்துவந்து, மணல் நிரப்பி, காலால் உதைத்து ஓட்டையில் இறுக்கினான். இரண்டு கிழமை ஏழு கிழமையானது. தினமும் சாயங்காலம் சேர் நீட்டிய இங்கிலீஷ் தாளில் கையெழுத்தும் போட்டான்.

"எஞ் சாக்க பாத்தீங்களா?" என்று மனைவி அழகம்மா கேட்டபோது, "காத்து தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான்.

"எனக்குன்னு நம்பர் போட்ட கொழுந்துச் சாக்குங்க. அது இல்லாம அம்மாக்கண்ணு சாக்குல கொழுந்து போட்டேன்னு கங்காணி வாயில வந்ததெல்லாம் பேசிட்டாரு."

கொழுந்து எடுத்துவிட்டு வந்து, மலைப்பாதையில் மூன்று வளைவு ஏறி ஊற்றுத் தண்ணீர் சுமந்தாள் அவள். லயத்தில் ஆற்றுத் தண்ணீர் வந்து விழும் பீலி காய்ந்துகிடந்தது. அதைத் தாண்டும்போதெல்லாம் பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏய் அழகம்மா, ஒம் புருசன்கிட்ட கரண்டாவது ஒரு வாளி வாங்கிட்டு வாடி, குடிப்போம்!"

யாரோ பெட்டிசன் போட்டுவிட்டார்கள். ஒரு நாள் முற்பகல் ஜீப் வந்தது. அதில் வந்த அரசாங்க அதிகாரி சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரில் இறங்கி, தானே சாக்கைப் பிடுங்கினார். தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. சாக்கில் சிவப்புப் பெயின்ட்டில் 118.

"இது யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

ஜெயதீபன் சேரும் சிங்களத்திலேயே பதில் சொன்னார். "தோட்டத்து ஆக்கள்தான் சேர். குளிக்கிறதுக்குப் பள்ளம் வேணுமெண்டு அடைச்சிருக்கினம். சொன்னாலும் கேக்கிறேல்லை."

சோலைமலைக்குச் சிங்களம் தெரியும் என்பது அவருக்கு நினைவில்லை போலும்.

"பொய்! அடைக்கச் சொன்னதே இவருதான்!" என்று அவனும் சிங்களத்திலேயே கத்தினான். "குளிக்கிறதாம்! குடிக்கவே தண்ணி இல்லாம எங்க பொம்பளைங்க மலை ஏறுறாங்க!"

சேர் அலட்டிக்கொள்ளவில்லை. ஃபைலைத் திறந்து அந்த இங்கிலீஷ் தாள்களைக் காட்டினார். நாற்பத்தொன்பது நாளும் ஓட்டை திறந்தே இருந்ததாக எழுதியிருந்தது. ஒவ்வொன்றின் கீழும் சோலைமலையின் கையெழுத்து.

அதிகாரி அவனைப் பார்த்த பார்வை மாறியது.

கீழே பெண்களின் கூச்சல் கேட்டது. தண்ணீர் லயத்துக்குப் போய்விட்டது. அழகம்மா கையில் வாளியோடு மூச்சிரைக்க ஏறிவந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"பீலியில தண்ணி வந்திருச்சுங்க! நீங்கதான..."

கரையில் கிடந்த சாக்கைப் பார்த்தாள். குனிந்து நம்பரின் மேல் ஒட்டியிருந்த மணலை விரலால் தட்டினாள். மணலைக் கொட்டி, சாக்கை உதறி, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றைக்கே சோலைமலையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

பீலியில் நாலு நாள் தண்ணீர் வந்தது. ஐந்தாம் நாள் காலை நூலாகி, சொட்டாகி, நின்றது. வரிசையில் வாளியோடு நின்ற சோலைமலை விறுவிறுவென்று அணைக்கு ஏறினான். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் குடியிருக்கும் அழகன் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இலை வாரிக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு கிழமைதான்னு சேர் சொன்னாருண்ணே."

சோலைமலை அணைக்கு அடியில் எட்டிப் பார்த்தான். ஓட்டையில் புத்தம்புது வெள்ளைச் சாக்கு இறுக்கியிருந்தது. சேரே கொண்டுவந்து கொடுத்ததாம். அதில் நம்பர் எதுவும் இல்லை.