தாங்கல் கரை விளக்கு

டாக்டரம்மா வெள்ளைத்தாளில் ஒரு கட்டமும் ஒரு வட்டமும் போட்டு நடுவே கோடு இழுத்தார். "இது லாவண்யாவோட அப்பா, இது நீங்க. இப்ப உங்களுக்கு மேல போவோம். கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்? கைக்குழந்தையிலயே யாராவது தவறியிருக்காங்களா?" என்று கேட்டார். என் பக்கத்து உறவுகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துவிட்டேன். இவர் முறை வந்தபோது, "நான் ஒரே பிள்ளை டாக்டர்" என்று சொல்லி மூக்கைத் தடவிக்கொண்டார். இவர் வலது மூக்கில் கடுகளவு ஒரு குழி உண்டு. அம்மைத் தழும்பு என்றுதான் கல்யாணமான நாளிலிருந்து நினைத்திருந்தேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அந்தக் குழியையே பார்த்தார். "மூக்கு குத்தியிருக்கா சார் உங்களுக்கு? எங்க ஊர்ல, முன்னாடி பிறந்தது எதுவும் தங்கலன்னாதான் ஆம்பளப் பிள்ளைக்குக் குத்துவாங்க. எதுக்கும் பெரியவங்க யாரையாவது விசாரிச்சிட்டு வாங்களேன்."

லாவண்யா எங்கள் ஒரே மகள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. டாக்டரம்மா அந்தக் கட்டமும் வட்டமும் எதற்குப் போட்டார் என்று இதற்குமேல் நான் விளக்க வேண்டாம், உங்களுக்கே தெரியும் கண்ணுகளா.

இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் தசரதன். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதைவிட அதில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதே இவருக்கு முக்கியம். வீட்டில் உட்கார்ந்த பிறகு அரசாங்கமே இவர் டிப்போ ஆகிவிட்டது. நல்ல ரோட்டைச் சுரண்டி மறுபடி போட்டால், "காலி வண்டி ஓட்டறானுங்க" என்பார். யாரும் உட்காராத நிழற்குடைக்கு டைல்ஸ் ஒட்டினால், "காலி வண்டி. டீசல் யார் ஊட்டுக் காசு?" என்பார். மனு எழுதுவார், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் வரிசையில் நிற்பார். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ்ஸைப் பற்றி மட்டும் என் எதிரில் வாய் திறக்க மாட்டார். நான் அதில்தான் பூந்தமல்லிக்குப் போய் இவருக்குக் கத்திரிக்காய் வாங்கி வருகிறேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தாங்கல், சின்ன ஏரி. கரை முழுக்க வேலிக்காத்தான் முள். அந்தக் கரையில் ஒருநாள் கிரேன் வந்து ஹைமாஸ் லைட்டை நட்டது. பொழுது சாய்ந்ததும் முள்ளும் தண்ணீரும் பால் ஊற்றினாற்போல வெளுத்துக் கிடக்கும். இவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "முள்ளுச்செடிக்கு ஹைமாஸா?" விடாமல் எழுதினார். 'அவ்விடத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. பயனடைவோர் எவருமில்லை' என்ற வரியை எனக்கு உரக்கப் படித்துக் காட்டியது நினைவிருக்கிறது. கடைசியில் ஜெயித்தார். கம்பத்தைப் பிடுங்கி, புதிதாகக் கட்டிய அடுக்குமாடி முக்கில் நட்டார்கள். கரையில் சிமெண்ட் மேடையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டுகளும் மிச்சம். அன்றைக்கு இவர் அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார்.

அப்போது என் மாமியார் உயிரோடு இருந்தார். படுத்த படுக்கை. கட்டில் பின்பக்கத்து ஜன்னல் ஓரம். லைட் இருந்த நாள்களில் இருட்டத் தொடங்கியதும், "கரையில லைட்டு போட்டுட்டாங்களா?" என்று கேட்பார். "போட்டுட்டான், நம்ம வரிப்பணம் எரியுது பாரு" என்பார் இவர். அதைக் கேட்டுவிட்டு மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்து அயர்ந்து தூங்குவார். கம்பம் போன அன்றைக்கும் கேட்டார். "எடுத்துட்டாங்கம்மா. நான்தான் எடுக்க வெச்சேன்" என்று இவர் பெருமையாகச் சொன்னார். மாமியார் மகன் முகத்தையே பார்த்தார்.

"நீயா?" என்றார்.

அவ்வளவுதான். அதன்பிறகு கேட்கவே இல்லை. அந்த மழைக்காலம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தார். அந்த "நீயா"வை நான் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். அர்த்தம்தான் தெரியவில்லை.

விசாரிக்க மிச்சமிருந்தது முனியம்மா ஒருத்தர்தான். மாமியாரின் பழைய சிநேகிதி. இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் மகன் வீட்டில், குடோன்களுக்கு நடுவில் இருக்கிறார். நாங்கள் போனபோது வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். கண்மேல் கை வைத்து இவரைப் பார்த்தார்.

"யாரு, தவுடா? வா நைனா. பெத்தவ போனப்பறம்தான் வாங்கினவளாண்ட வரத் தோணிச்சா?"

இவர் விழித்தார். "தவுடா?"

"ஒரு மொறம் தவுடு குடுத்து உன்ன வாங்கினவ நான்டா. உங்கம்மா சொல்லிருக்க மாட்டா. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினேன். மூக்க நான்தான் குத்த வெச்சேன். இன்னா கத்து கத்தின தெரியுமா, கஸ்மாலம்!" என்று சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. "எனுக்கு மின்னாடி யாருனா பொறந்தாங்களா?"

"மூணு. ரெண்டு ஆணு, ஒரு பொண்ணு. ஒண்ணு நீலமாப் பொறந்து அன்னிக்கே பூட்ச்சி. மத்தது ரெண்டும் பால் குடிக்காம வலிப்பு வெட்டு வந்து வெறச்சிப் போய்ட்ச்சிங்க. பேரு வெக்கக்கூட நாள் தரல." முனியம்மா குரல் இறங்கியது. "பச்சப் புள்ளைய எரிக்க மாட்டாங்களே. தாங்கல் கரைலதான் பொதச்சாங்கோ, உங்க ஊட்டுக்குப் பின்னால. பொழுது சாஞ்சா உங்கம்மா அகல் எத்துக்கினு கரைக்குப் பூடுவா. இருட்ல புள்ளைங்க பயப்படும்பா. அப்பறம் நீ பொறந்த. உனுக்கும் வெட்டு வந்திச்சி. குறி சொல்றவ இன்னா சொன்னா தெரியுமா? வெளக்கப் பாத்து அதுங்க எழுந்து வருது, தொணைக்கு இத்த கூப்புடுது, இந்த ஊட்டுக் கை எதுவும் அங்க வெளக்கு வெக்கவே கூடாதுன்னா. அன்னிக்கே உன்ன நான் வாங்கி, என் புள்ளைய நீ வளத்துக் குடுன்னு அவகிட்டயே திருப்பிக் குடுத்தேன். அதுக்கப்பறம் அவ கரைப் பக்கம் திரும்பிப் பாக்கல."

நான் இவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பெரிய லைட்டு வந்துச்சே, அப்ப ஆளனுப்சி என்னக் கூப்ட்டா. நீ கூட டீ போட்டுக் குடுத்தியேம்மா" என்றார் என்னைப் பார்த்து. உண்மைதான். கொடுத்திருந்தேன். "ஜன்னலாண்ட படுத்துகினு கை காட்னா. கவருமெண்ட்டே வெச்சிட்டான் முனிம்மா, நம்ம கை படலன்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு, கல்யாணத்தன்னிக்குக்கூட அவ அப்டி சிரிக்கல." முனியம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "லைட்டு எரிஞ்சிகினுதான கீது, நைனா?"

இவர் குடோனுக்குள் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்த லாரியைப் பார்த்தபடி நின்றார்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். இவர் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம், ஒரு வட்டம் போட்டு, ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கோடு இழுத்தார். சில ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, "முடிவு வந்ததும் பேசலாம், பயப்படாதீங்க" என்றார். இவர் அந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஊராட்சி ஆபீசுக்கு என்னையும் அழைத்துப் போனார். கிளார்க் மோகன் எழுந்தே நின்றுவிட்டான்.

"இன்னா சார், இந்தத் தபா எத்த எடுக்கணும்?"

"எடுக்க இல்லப்பா. வெக்கணும். கரை லைட்டு."

மோகன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "கலாய்க்கிறீங்களா? அத்த எடுக்கச் சொல்லி நீங்க பண்ண அலப்பறைல எங்க தூக்கமே போச்சு சார். மறுபடி எஸ்டிமேட் போடணும்னா அங்க ஆள் இருக்கணுமே. யாரு சார் இருக்காங்க அங்க?"

"கொழந்தைங்க இருக்காங்க."

"எந்த ஊட்டுக் கொழந்தைங்க?"

இவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "காலி வண்டின்னு நெனச்சிட்டேன்பா" என்றார். மோகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பாவம், நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார், தண்ணி குடிங்க" என்றான். பார்க்கலாம் என்றான். நிதி வரட்டும் என்றான். இவர் எத்தனையோ பேரிடம் கேட்டு எரிச்சல்பட்ட அதே வார்த்தைகள். அன்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் இவர் கரையில் நிற்கிறார். நான் ஒருநாள் பூஜை மாடத்திலிருந்து அகலை எடுத்தேன், மனசு கேட்காமல். "வெச்சிடு சுசீ" என்றார். குறி, ஜாதகம் எதையும் நம்பாத மனிதர். "பொய்யாத்தான் இருக்கும். ஆனா லாவண்யாவ வெச்சிகினு எப்டி நான் சோதிச்சுப் பாக்கறது?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நேற்று லாவண்யா வந்திருந்தாள். பின்வாசல் படியில் என்னோடு நின்று அப்பாவைத் தேடினாள். முள்ளும் இருட்டும் ஒன்றாகிக் கிடந்தன. சிமெண்ட் மேடை இருக்கும் இடத்தில் கொஞ்சம் கனமான இருட்டு, அது இவர்.

"பாம்பு பூச்சி இருக்கும்மா, இப்படியா நிப்பாரு?" என்று போனில் டார்ச்சைத் தொடப் போனாள். அவள் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

"போடாத."

"ஏம்மா?"

அவளுடைய இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது.

அப்போது தாங்கலுக்கு அக்கரையில் ரோடு வளைகிற இடத்தில், எங்கேயோ போகிற ஒரு பஸ் திரும்பியது. அதன் வெளிச்சம் தண்ணீரின் மேல் வழுக்கி வந்து கரையில் ஏறியது. முள், மேடை, துருப்பிடித்த போல்ட்டுகள், இவருடைய வெள்ளைச் சட்டை எல்லாம் ஒரு கணம் தெரிந்தன. இவர் மேடைக்குப் பக்கத்துத் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார், தொட்டிலுக்குள் பார்ப்பதுபோல.

வெளிச்சம் நகர்ந்து போய்விட்டது. இவர் நிமிர்ந்து அக்கரைப் பக்கம் திரும்பி, அடுத்த வண்டிக்காக நின்றார்.