மாட்டேன் என்கிற ஒற்றைச் சொல்

ஊரோடு ஒத்து வாழ் என்பார்கள். ஸ்ரான்லியின் நாக்கு அந்தப் புத்திமதியை அட்சரம் பிசகாமல் கேட்டது. பத்துப் பேரோடு சேர்ந்து சொன்னால் எதுவும் எண்ணெய் போட்ட மாதிரி ஓடும். தனியாகச் சொல்லச் சொன்னால் முதல் எழுத்திலேயே முரண்டு பிடித்து நின்றுவிடும். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில், மெழுகுதிரி ஏற்றி அந்தி ஜெபமாலை சொல்லும்போது முதல் பாதியை ஒருவர் சொல்ல, மறு பாதியை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். மறு பாதியில் அவன் குரல்தான் கணீரென்று கேட்கும். முதல் பாதி சொல்லும் முறை சுற்றி அவனிடம் வந்தாலோ, அவனுடைய அம்மா அந்தோனியம்மா முந்திக்கொண்டு தானே சொல்லிவிடுவாள். பாசம்தான். றப்பர் பால் வெட்டிச் சம்பாதிக்கிற வாலிபனுக்கு அது எவ்வளவு வெட்கம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெஹியோவிட்டப் பக்கத்திலிருந்த அந்த றப்பர் தோட்டத்துக்கு, 2003ஆம் ஆண்டில், பள்ளிக்கூடத்து சுரேந்திரன் மாஸ்டர் ஒரு நாடகத்தைக் கொண்டுவந்தார். நடிக்க வேண்டாம், சனத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாசித்தால் போதும் என்றார். கிறுக்குக் கதை. ஓர் ஊரில் திடீரென்று எல்லோரும் பின்பக்கமாக நடக்கத் தொடங்குகிறார்கள். ஏனென்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை. ஒரே ஒருவன் மட்டும் முன்னால் பார்த்து நடக்கிறான். ஊர் கூடி "திரும்பு" என்கிறது. அவன் "மாட்டேன்" என்கிறான். நாடகம் முழுக்க அவனுக்கு அந்த ஒரு சொல்தான்.

ஊர்ச்சனத்தில் ஒருவனாக நிம்மதியாக வாசித்துக்கொண்டிருந்த ஸ்ரான்லியின் தலையில் கடைசி நேரத்தில் இடி விழுந்தது. அந்தத் தனி ஆளாக வாசிக்க இருந்த கிருஷாந்த், மாணிக்கக் குழி வேலைக்கு இரத்தினபுரிக்குப் போய்விட்டான்.

"ஒரே சொல்லுதானேடா, ஒனக்கு லேசா இருக்கும்" என்றார் மாஸ்டர்.

நல்ல மனுஷன். ஆனால் திக்குவாய்க்காரனுக்கு ஒற்றைச் சொல்லைப் போல எமன் வேறில்லை என்று தெரியாத மனுஷன். நிறையச் சொற்கள் இருந்தால் வராததை விட்டுவிட்டு வேறொன்றுக்குத் தாவலாம். ஒற்றைச் சொல்லில் எங்கே தாவுவது?

"மா... மாஸ்டர், சிங்களத்தில பேஹேன்னு சொல்லிறட்டுங்களா?" அந்தச் சொல் அவனுக்குத் தடங்கலில்லாமல் வரும்.

"பேஹேன்னா முடியாதுன்னும் ஆயிரும்டா. இவனுக்கு முடியும். ஆனா மாட்டான். அதுதானே கதையே!"

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை. வேலை நாட்களில் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் பின்னேரம் சனம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அந்தோனியம்மா.

"திரும்பு! திரும்பு!" என்று ஊர்ச்சனமாக வாசித்தவர்கள் முழங்கினார்கள்.

"ம்... ம்ம்..."

பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். ஸ்ரான்லி கையிலிருந்த தாளைப் பார்த்தான். அடுத்தது ஊராரின் வரி: "நாங்க திரும்பிட்டோம்." அவர்களோடு சேர்ந்து அதைச் சொல்லிவிட்டால் தொல்லை தீர்ந்தது, நாக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். வாயைக்கூடத் திறந்துவிட்டான். அப்போதுதான் முன்வரிசையில் அம்மாவும் வாயைத் திறப்பதைக் கண்டான். பாவி மனுஷி, இதையும் அவளே சொல்லிவிடுவாள்! வேண்டாம் என்று அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

"மா... மா... மா..."

சிரிப்பு நின்றது. ஊரே சேர்ந்து ஒருவன் கழுத்தை நெரிக்கிறது, அவன் சொல்லைப் பிடுங்கி எடுக்கிறான் என்று சனம் நம்பிவிட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த கன்னையா எழுந்தே விட்டார். "விட்றாத! சொல்லு!"

"மாட்டேன்!"

கூரைத் தகரம் அதிரக் கை தட்டினார்கள். பிறகும் அந்தச் சொல் வந்தபோதெல்லாம் திக்கத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. தன் பேச்சுக்காக யாரும் காத்திருந்து அவன் கண்டதேயில்லை. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

முடிந்ததும் கன்னையா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அசல் திக்குவாய் மாதிரியே இழுத்தீங்களே தம்பி! என்னா நடிப்பு!"

ஸ்ரான்லி வாய்விட்டுச் சிரித்தான்.

அன்று அந்தி ஜெபமாலையில் முறை சுற்றி அவனிடம் வந்தது. அந்தோனியம்மா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். மகனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அவன் தொடங்கினான். முதல் எழுத்திலேயே நின்றது. ஒருவரும் முந்தவில்லை.

"மெதுவா சொல்லு ராசா" என்றாள் அந்தோனியம்மா. "மெழுகுதிரி புதுசுதான்."