பாட்டு கிளாஸ்

எழுபத்து மூன்றாம் வருஷம் இந்த மையத்தை ஆரம்பித்த அன்றே வாசலில் பலகை மாட்டிவிட்டோம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இங்கே இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. என்ன பிரயோசனம்? மயிலாப்பூர் முழுக்க இதற்குப் பெயர் பாட்டு கிளாஸ். பிள்ளையை அனுப்புகிற ஒவ்வொரு அம்மாவும் அக்கம்பக்கத்தில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள். போன மாதம் ஒருவர் மகளையும் சுருதிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நவராத்திரி முடிந்த மறுநாள் இசக்கியம்மாள் மூச்சிரைக்க வந்தார். பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். மகள் ஜெயபாரதி எங்களிடம்தான் படிக்கிறாள்.

"மானம் போச்சு டீச்சர்! எதிர்வீட்டு மாமி கொலுவுல, 'பாட்டு கிளாஸ் போறியே, ஒரு பாட்டு பாடு'ன்னாவ. இவ, 'அது பாட்டு கிளாஸ் இல்ல மாமி, எனக்கு எழுத்து குழம்பும், அதுக்குத்தான் போறேன்'னு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டா!"

"உள்ளதைத்தானே சொன்னாள்? இதில் எங்கேம்மா மானம் போச்சு?" என்று கத்தியேவிட்டேன். "அந்த மாமி என்னதான் சொன்னாங்க?"

இசக்கியம்மாள் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"என்னை மட்டும் அடுக்களைக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கேட்டாவ. அவங்க மகனையும் பாட்டு கிளாஸ்ல சேத்துக்கிடுவீங்களான்னு."