சுதர்ஷினியின் பேருக்குப் பதில் சொன்னவள்

பொங்கலுக்கு முந்தின வாரம், பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் நேரத்தில், தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்த என்னிடம் பூரணி சொன்னாள்.

"பெரியம்மா, அம்மாவோட மொகம் ஞாபகம் இருக்கு. கொரலுதான் வரமாட்டேங்குது."

"எப்புடி வரமாட்டேங்குது?"

"அம்மா பேசுற மாதிரி நெனச்சுப் பாக்குறேன். வாய் அசையுது. சத்தம் ஒங்க சத்தமா இருக்கு."

நான் பின்னலை அவிழ்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பின்னினேன். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

பூரணி என் தங்கை சுதர்ஷினியின் மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வேறு பக்கம் போய்விட்டார். கந்தப்பளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பராக்களில் நாங்கள் மூவரும் இருந்தோம். கார்த்திகை மழையில் லயத்துக்கு மேலே இருந்த மலை சரிந்து இறங்கியது. அன்று பூரணிக்குப் பல் பிடுங்க வேண்டும் என்று நான் அவளை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போயிருந்தேன். திரும்பி வரும்போது பாதை உடைந்து பஸ் கந்தப்பளையோடு நின்றுவிட்டது. கோயில் மண்டபத்தில் தங்கினோம். அதனால் நாங்கள் இருவரும் இருக்கிறோம். சுதர்ஷினி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, ஈரச் சேலையை மாற்றிக்கொண்டு, காம்பராவில் இருந்தாள். பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். நாங்கள் திறக்கவில்லை.

முகத்துக்குப் படம் இருக்கிறது. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். குரலுக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய போனும் என்னுடைய போனும் மண்ணோடு போயின. போயிருக்காவிட்டாலும் அதில் அவள் குரல் இருந்திருக்காது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளிடம் யார் போனில் பேசுவார்? லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போகாது. "அக்கா, உப்பு இருக்கா?" என்று சத்தம் முதலில் சுவரைத் தாண்டி வரும். பிறகு கை வரும்.

இப்போது எங்களுக்குத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஒரு காம்பரா கொடுத்திருக்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் உர மூட்டை வைக்கிற இடம். ஆள் இல்லை. ஆனாலும் பொழுது சாயும் நேரம் ரொட்டிக் கல்லை அடுப்பில் ஏற்றினால் அந்தப் பக்கமிருந்து "அக்கா" என்று கேட்கும். உப்புக் கேட்கிற குரல்தான். நான் பதில் கொடுப்பதில்லை. எனக்குக் கேட்பது பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. என் காதில் இருப்பதை எடுத்து அவள் காதில் வைக்க வழியில்லை.

அந்தக் குரலை யாராவது எங்காவது பிடித்து வைத்திருந்தால், அது ஒரே ஒரு இடத்தில்தான்.

மலை இறங்கியதற்கு முந்தின மாசியில் எங்கள் தோட்டத்துக்கு வெளிநாட்டு டிவிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து உலகத்தைச் சுற்றி ஓடுகிற போட்டி. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வேலை கொடுப்பார்கள். முடித்தவர்கள் அடுத்த நாட்டுக்குப் போகலாம். கடைசியாக வருகிறவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். டிவியில் வரும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று எல்லோருடைய போனையும் ஒரு பையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் கொடுத்த வேலை பெரட்டுக்கு நிற்பது. விடிந்ததும் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்கு எங்கள் பெண்களில் ஒருத்தியின் பேரைக் கொடுத்தார்கள். அந்தப் பேரை ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுவார்கள். பிறகு நல்லமுத்து கங்காணி வழக்கம்போல எல்லாப் பேரையும் மடமடவென்று கூப்பிடுவார். தன் பேர் வரும்போது கண்டுபிடித்துப் பதில் சொன்னால், பேர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்கு ஏறலாம். தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து கூப்பிடும்வரை நிற்க வேண்டும்.

நான் பிள்ளைக் காம்பராவில் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். அது பெரட்டுக்களத்தை ஒட்டி இருக்கிறது. இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

"பேரு குடுத்தவங்க வாயத் தொறக்கப்படாது," என்று கங்காணி முதலிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். சுதர்ஷினி அப்போதுதான் வந்து வரிசையில் நுழைந்தாள். அவள் என்றைக்கும் அப்படித்தான். ரொட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு, தின்றுகொண்டே ஓடி வருவாள். வாய் நிறைய ரொட்டியோடுதான் பெரட்டில் பதில் சொல்வாள். கங்காணி வருடக்கணக்காக ஏசியும் அது மாறவில்லை.

அவளுடைய பேர் ஒரு செம்பட்டைத் தலைக்காரிக்குப் போயிருந்தது. அவளும் தன் தங்கையோடு வந்த அக்காள்தானாம். பிறகு சொன்னார்கள்.

கங்காணி கூப்பிட்டுக்கொண்டே வந்தார். "சுதர்ஷினி!"

"இந்தாருக்கேங்க!"

களமே சிரித்தது. செம்பட்டைக்காரி முழித்தாள்.

"ஏ புள்ள, ஒன்னையவா கூப்புட்டேன்?"

"எம்பேரத்தானங்க கூப்புட்டீங்க?"

"இன்னைக்கு அது ஒம்பேரு இல்ல. அந்தா நிக்குதே, அதோட பேரு."

"அப்ப நான் யாருங்க?"

"நீ யாருமில்ல. சும்மா நில்லு!"

அப்போது நானும் சிரித்தேன். இடுப்பில் இருந்த பிள்ளையும் சிரித்தது.

இரண்டாவது சுற்றிலும் அதேதான். அவளுடைய குற்றமில்லை. பேர் சொடுக்கு மாதிரி விழும், பதில் தானாக வரும். வாய் நிறைய ரொட்டியோடு "இந்தாருக்கேங்க" என்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள். மற்ற சோடிகள் ஒவ்வொன்றாக மலைக்கு ஏறிவிட்டன. செம்பட்டைக்காரியின் தங்கைக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்றாவது சுற்றில் சுதர்ஷினி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். பேர் வந்தது. அவள் தோள் இரண்டும் குலுங்கின. சத்தம் வரவில்லை. அந்த இடத்தில் செம்பட்டைக்காரி கன்னத்தை உப்பிக்கொண்டு, வாயில் ஏதோ இருக்கிற மாதிரி குழறி, கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து, "இந்தாருக்கேங்க!" என்றாள். அப்படித்தான் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாள், பாவம். பெண்கள் சிரித்த சிரிப்பில் கங்காணி அடுத்த பேரைக் கூப்பிட முடியாமல் நின்றார்.

தன்னால் பிந்திவிட்டதே என்று சுதர்ஷினி ஓடிப்போய், மிச்சமிருந்த ரொட்டியை அவள் கையில் திணித்தாள். அவள் அதைத் தின்றுகொண்டே மலைக்கு ஓடினாள், கழுத்தில் என் தங்கையின் பேரோடு.

அன்று பொழுது சாய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "அக்கா, எம்பேர வெள்ளக்காரி கொண்டுபோயிட்டா. இனி அது ஒலகம் பூரா சுத்தும்."

"நீ சுத்தலையேடி?"

"நாந்தான் கந்தப்பளையத் தாண்டல. எம்பேராவது போகட்டுமே."

தை பிறந்த பிறகு அந்தப் போட்டி அவர்கள் நாட்டு டிவியில் ஓடத் தொடங்கியது. எங்கள் தோட்டம் வருகிற பாகம் வந்ததும் தனக்குத்தான் முதலில் தெரியும் என்று வினோஜன் சொல்லியிருந்தான். அன்று ஒரு சோடியை ஏற்றிக்கொண்டு போனது அவனுடைய ஆட்டோ. பூரணி குரலைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து நான் போகும்போதும் வரும்போதும் அவனைக் கேட்டேன்.

நல்லமுத்து கங்காணி மட்டும் வேண்டாம் என்றார்.

"புள்ளைக்குக் காட்டாதம்மா. அதோட அம்மா பேர வேற ஆளுக்குக் குடுத்திருக்கவே கூடாது. இப்பவும் பெரட்டுல அந்த எடம் வந்தா எனக்கு நாக்கு நிக்குது. பேர வெட்டியாச்சு, தெரியும். இருந்தாலும் நிக்குது."

அது எனக்கும் தெரியும். பிள்ளைக் காம்பரா வாசலில் நின்று நான் தினமும் கேட்கிறேன். ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவில் ஒரு மூச்சு அளவுக்கு இடைவெளி விழும். பிறகு அடுத்த பேர் வரும்.

"கொரலு மறந்துபோச்சுன்னு சொல்லுதுங்க," என்றேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாருங்க, அப்ப," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வினோஜன் வீட்டில் பார்த்தோம். போனிலிருந்து டிவிக்கு எடுத்துப் போட்டான். பூரணி கோயிலுக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தாள். கங்காணி உள்ளே வராமல் கதவருகில் நின்றார்.

முதலில் எங்கள் மலை வந்தது. மேலேயிருந்து எடுத்திருந்தார்கள். நடுவில் எங்கள் லயம், தகரக் கூரையில் கல் வைத்தது வைத்தபடி. அதற்கு மேலே மலை, இறங்காமல், பச்சையாக, ஒன்றும் அறியாத மாதிரி நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஓடிப்போய் எல்லோரையும் வெளியே வரச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"என் ஆட்டோ! அந்தா என் ஆட்டோ!" என்று வினோஜன் கத்திவிட்டு, எங்களைப் பார்த்து அடங்கினான்.

பெரட்டு வந்தது. முதல் சுற்றும் இரண்டாவது சுற்றும் சேர்த்து ஒரு நொடியில் போயின. கங்காணியின் வாய் அசைந்தது, பெண்கள் சிரித்தார்கள், மேலே ஒரு துள்ளல் இசை. சுதர்ஷினி பதில் சொன்னதை வெட்டியிருந்தார்கள்.

பிறகு இசை நின்றது. மூன்றாவது சுற்று. செம்பட்டைக்காரிக்குப் பின்னால், வலது பக்கத்தில், என் தங்கை. முந்தானை பாதி முகத்தை மறைத்திருந்தது. கண் மட்டும் சிரித்தது.

"அம்மா," என்றாள் பூரணி, மெதுவாக.

"சுதர்ஷினி!" என்று டிவியில் கங்காணி கூப்பிட்டார். கதவருகில் நின்ற கங்காணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இந்தாருக்கேங்க!"

செம்பட்டைக்காரிக்குப் பின்னால் என் தங்கை வாயை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுடைய சத்தமோ அந்த வெள்ளைக்காரியின் வாயிலிருந்து வருகிறது. அதே குழறல், அதே இழுப்பு. செத்தவளின் பேரைக் கூப்பிட்டார்கள், பதில் வந்துவிட்டது. கங்காணி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனது கேட்டது.

"இன்னொருக்கா போடுங்க, மாமா," என்றாள் பூரணி.

வினோஜன் போட்டான். திரும்பத் திரும்பப் போட்டான். பூரணி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கணக்குப் போடும்போது இருப்பாளே, அப்படி இருந்தாள். பிறகு எழுந்து சட்டையைத் தட்டிவிட்டாள்.

"போதும். வாங்க பெரியம்மா."

நாங்கள் புறப்படும்போது வினோஜன் என்னை மட்டும் நிறுத்தி, அடுத்த பாகத்தில் கொஞ்சம் காட்டினான். மணல் காடு மாதிரி ஒரு நாடு. அக்காளும் தங்கையும் வெயிலில் ஓடுகிறார்கள். அக்காளின் முதுகுப் பையில் அந்த அட்டை கட்டியபடியே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. எழுத்து தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

பாதையில் பூரணியிடம் எதையும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இருந்ததும் போய்விட்டது என்று நினைத்தேன். நேற்றுவரை அவள் அம்மாவுக்கு என் குரல். இனி ஒரு வெள்ளைக்காரியின் குரல். கங்காணி சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

பொழுது சாய்ந்தது. கோதுமை மா பிசைந்து, கல்லை ஏற்றி, அடுப்பைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் உர மூட்டைகள். காது தானாக அங்கே போயிற்று. பூரணி எனக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, முதல் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அது சரியில்ல."

"எது?"

"அந்தப் பொம்பள சொன்னது. அது சும்மா வெறும் வாய உப்பிக்கிட்டு சொல்லுது. வாய்ல ரொட்டியே இல்ல. அம்மா அப்புடியா சொல்லும்? முழுங்கவும் முழுங்காது, துப்பவும் துப்பாது. கங்காணி ஏசுவாருன்னு சிரிப்பு வேற வரும் அதுக்கு."

"ஒனக்கு எப்புடித் தெரியும்?"

"பள்ளிக்கூடம் போறப்ப தினம் கேப்பேனே. இருங்க."

ரொட்டியைப் பெரிதாகப் பிய்க்கிற சத்தம் கேட்டது. வாயில் திணிக்கிற சத்தம். அடுப்பு படபடத்தது.

"கூப்புடுங்க, பெரியம்மா," என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு.

அந்தப் பேரை நான் கார்த்திகையிலிருந்து வாய்விட்டுச் சொன்னதில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

"சுதர்ஷினி."

"இந்தாருக்கேங்க!"

ரொட்டி இருந்தது அதில். அடக்கின சிரிப்பும் இருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் பூரணி மட்டும்தான் இருப்பாள்.

"சரியா இருக்கா, பெரியம்மா?"

கல்லில் ரொட்டி கருகத் தொடங்கியிருந்தது.

"இன்னொருக்கா சொல்லு," என்றேன், சுவரைப் பார்த்தபடியே.