பண்டகசாலைக் கல்லில் போட்ட கீரை

சொன்ன சொல்லை ஜெய்னுலாபுதீன் ஒருநாளும் திருப்பி எடுத்ததில்லை. ஏர்வாடியில் அவர் குடும்பத்துக்கு இன்று தோணி கிடையாது, பண்டகசாலை கிடையாது, கொழும்போடு நடந்த வியாபாரமும் கிடையாது. பெயர் மட்டும் இருக்கிறது. அதைத் தூசி படாமல் வைத்திருப்பது தன் பொறுப்பு என்று அவர் நினைத்தார். துபாயில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பிறகு அவருக்கு அதைவிடப் பெரிய வேலையும் இல்லை.

அப்படிப்பட்டவர், மகள் லாமியாவைக் கட்டிக்கொடுத்த கமுதி வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்த இடத்தில் வாயைக் கொடுத்துவிட்டார்.

சம்மந்தி சுஐபு மிளகாய் விவசாயி. தட்டில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் அவர் ஊர் சொல்லிக்கொண்டே வந்தார். "இந்தக் கத்திரிக்கா நம்ம தோட்டம். இந்த வெங்காயம் நம்ம தோட்டம். உங்க பக்கம் பாவம், தோண்டுன எடமெல்லாம் உப்புத் தண்ணி. கறிவேப்பில வேணும்னாலும் வெளியூருல இருந்துதான வரணும்?"

பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். லாமியாவும் சிரித்தாள். மகள் சிரித்ததுதான் ஜெய்னுலாபுதீனுக்குத் தொண்டையில் நின்றது.

"அடுத்த தடவ நீங்க எங்க வீட்டுக்கு வாறப்ப, எங்க கொல்லையில வெளஞ்ச கீரையும் அங்கனயே வளந்த மீனும்தான் உங்களுக்குச் சோறு," என்றார்.

"கொல்லையில மீனா?" சுஐபுக்குக் கவளம் பாதியில் நின்றது.

"மீன்தான். பாத்துக்கிடுங்க."

முந்தின வாரம் கைப்பேசியில் பார்த்த அக்வாபோனிக்ஸ் வீடியோதான் அந்தத் தைரியத்தைக் கொடுத்தது. கீழே ஒரு மீன்தொட்டி. மேலே கல் நிரப்பிய பாத்தி. மோட்டார் மீன் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும். கல்லில் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் மீன் கழிவைச் செடிக்கு உரமாக்கும். செடி அதை எடுத்துக்கொள்ள, தெளிந்த தண்ணீர் மறுபடி தொட்டிக்கே இறங்கும். மண் வேண்டாம். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்கும் ஊரில், ஒரே தண்ணீர் சுற்றிச் சுற்றி வருகிறது என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

விஷயத்தைக் கேட்ட மனைவி குல்சும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கடல வாசல்ல வச்சுக்கிட்டு, மீனு வளக்க டிரம்மு வாங்குற குடும்பம் நம்ம குடும்பமாத்தான் இருக்கும்."

"சொல்லிட்டேன் குல்சும்."

"அதான தெரியுது. சொல்லிட்டு வந்துதான எங்கிட்ட சொல்லுவீக."

நன்னீரில் தாங்கி வளர்வது ஜிலேபி மீன் என்றார்கள். ஜிலேபி, மலிவான கண்மாய் மீன்; சீலா, விளமீன் என்று விலை கூடிய கடல் மீன் தவிர வேறு மீன் அந்த வீட்டுப் படியேறியதில்லை. ஆகையால் குஞ்சுகள் நீந்திய பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆட்டோக்காரரைப் பின்சந்து வழியாக வரச் சொன்னார் ஜெய்னுலாபுதீன். பை மேல் ஒரு துண்டும் போர்த்தியிருந்தார்.

முதல் தப்பு விருந்தோம்பலில் வந்தது. தீனியைக் கொஞ்சமாகப் போடு, மிச்சம் மிதந்தால் அள்ளிவிடு என்று வீடியோவில் தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்த உயிருக்கு அரை வயிற்றுச் சோறு போடுவது எந்த ஊர் நியாயம்? அவர் பிடி பிடியாக அள்ளிப் போட்டார். தண்ணீர் நாறியது, நுரைத்தது, சில குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. குல்சும் தீனி டப்பாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அன்றிலிருந்து அவள் அளந்து கொடுத்ததை மட்டும் அவர் போட, தண்ணீர் தெளிந்தது.

இரண்டாவது தப்பு பெரியது. பாத்தியில் கூழாங்கல் போட வேண்டும். கடையில் மூட்டையாகக் கிடைக்கும் என்று குல்சும் சொன்னதுமே அவர் முதுகு நிமிர்ந்துவிட்டது.

"கல்லுக்கு நாம கடைக்குப் போறதா?"

கொல்லை மூலையில் ஒரு குவியல் கிடந்தது. பாட்டனார் கட்டிய பண்டகசாலையை இடித்தபோது வந்த பவளப்பாறைக் கற்கள். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் சுவரெல்லாம் அந்தக் கல்தான். வெள்ளை வெளேரென்று, உடம்பெல்லாம் சின்னச் சின்ன ஓட்டையாக இருக்கும். "நுண்ணுயிர் குடியிருக்க இத விட நல்ல வீடு உண்டா?" என்று கேட்டு, தானே சுத்தியல் எடுத்து உடைத்து, கழுவி, பாத்தி நிறையப் பரப்பினார். தண்டுக்கீரை விதைத்தார். புதினாக் குச்சி ஊன்றினார். எல்லாம் முளைத்தது. ஒரு மாலைப்பொழுது பூராவும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பச்சை போயிற்று. கொழுந்து இலைகள் மஞ்சளாக வந்தன, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றது. கீழே மீன்களோ கொழுகொழுவென்று வளர்ந்தன. அவர் மோட்டாரைக் குறை சொன்னார். வெயிலைக் குறை சொன்னார். பாத்திக்குப் பழைய வேட்டியில் பந்தல் போட்டார். கீரை இன்னும் மஞ்சளாயிற்று.

ஒருநாள் குல்சும் எலுமிச்சம்பழமும் கத்தியுமாகக் கொல்லைக்கு வந்தாள். பாத்தியிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் துடைத்து, அதன் தலையில் சாற்றைப் பிழிந்தாள். கல் புஸ்ஸென்று நுரைத்தது.

"பாத்தீகளா? வீடியோவுல ஒரு பொண்ணு சொன்னுச்சு. புளிப்பு பட்டு நுரைச்சா சுண்ணாம்புக் கல்லு. சுண்ணாம்பு கரைஞ்சு கரைஞ்சு தண்ணியில சுண்ணாம்புக் காரம் ஏறிருது. காரமான தண்ணியில இரும்புச் சத்தச் செடியால எடுக்க முடியாதாம். மீனுக்கு ஒண்ணும் இல்ல, கீரைக்குத்தான் சீக்கு."

"இது சுண்ணாம்புக் கல்லு இல்ல. பண்டகசாலைக் கல்லு."

"கல்லுக்கு அது தெரியலயே!" குல்சுமுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "தூக்கிட்டுக் கூழாங்கல்லப் போடுங்க. ஊருல ஒருத்தர்ட்டயும் சொல்லமாட்டேன்."

"பாட்டனார் கல்லு செடியக் கொன்னுச்சுன்னு என் கையால எடுத்து வெளிய போடணுமா? நடக்காது."

கல் பாத்தியிலேயே இருந்தது. அந்த நேரத்தில்தான் லாமியா போன் செய்தாள்.

"வாப்பா, வெள்ளிக்கிழம மாமா வாறாக. நானும் வாறேன். கொல்லைக் கீரைன்னு கமுதி பூரா சொல்லி வச்சிருக்காக. இருக்குல்ல வாப்பா?"

"இருக்கு," என்றார் ஜெய்னுலாபுதீன். இருக்கத்தான் செய்தது.

போனை வைத்ததும் குல்சும் குரலைத் தணித்துக்கொண்டாள். "சந்தையில நாலு கட்டு வாங்கி ஆஞ்சு வச்சிருவேன். சட்டியில ஏறுன கீரை எந்த ஊருன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சீலா ஒரு துண்டாச்சும்? அந்த ஜிலேபிய மட்டும் வச்சா சம்மந்தி வீட்டுல என்ன நினைப்பாக?"

"கேவலமாத்தான் நினைப்பாக. சொன்னது கொல்லை மீன். கொல்லை மீன்தான் வைக்கணும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து சம்மந்திகள் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் விரிப்பு விரித்து, நடுவில் சோறு நிரம்பிய சகன் வைக்கப்பட்டது. நாலு பேர் கூடிச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில் எதிரும் புதிருமாக இரண்டே பேர். லாமியாவும் குல்சுமும் திரைக்குப் பின்னால் நின்றார்கள். சோற்றின் மேல் பொரித்த மீன், ஓரத்தில் குழம்பாக மீன் ஆணம், அதனருகே ஒரு சின்னக் கிண்ணம்.

சுஐபு பிஸ்மில்லாஹ் சொல்லி மீனைப் பிட்டார். வாயில் வைத்தவர் நிறுத்திவிட்டார். இன்னொரு துண்டைப் பிட்டு மோந்து பார்த்தார். ஜெய்னுலாபுதீன் கண்ணைச் சோற்றில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"இது ஜிலேபியில்ல?"

"ஜிலேபிதான்."

"சம்மந்தி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிடக் கூடாது. கலியாணம் பேசுன நாளுல இருந்து உங்க வீட்டுல எனக்குச் சீலா, விளமீனுன்னு கடல் மீனாவே போடுறீக. மரியாதைக்காகத் தின்னுட்டுப் போவேன். எனக்கு அந்தக் கவுச்சி ஒத்துக்கிடாது. கண்மாய் வத்துறப்ப பிடிச்சு, மிளகா அரைச்சுப் பொரிக்கிற மீனு இருக்கே, அதுதான் எனக்கு மீனு. இன்னைக்குத்தான் உங்க வீட்டுல வயிறாரத் திங்கப் போறேன்!"

ஜெய்னுலாபுதீன் நிமிர்ந்தார். சந்தோஷப்படுவதா, சீலாவுக்காகச் சண்டைக்குப் போவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "சீலாவா கவுச்சி?" என்று மட்டும் கேட்டார்.

"அத விடுங்க. கீரை எங்க?"

ஜெய்னுலாபுதீன் கிண்ணத்தை நகர்த்தினார். சுஐபு எட்டிப் பார்த்தார். அடியில் மஞ்சள் நிறம் பாய்ந்த ஒரு கரண்டி மசியல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தொட்டுக்கிற துவையலா?"

"கீரை."

"மொத்தமே இம்புட்டுத்தானா?"

கரண்டு போய்விட்டது என்று சொல்லலாம். உப்புக்காற்று அடித்துவிட்டது என்று சொல்லலாம். அது பொய்யென்று கமுதிக்காரருக்குத் தெரியப்போவதில்லை. திரைக்குப் பின்னால் மகள் மூச்சுப் பிடித்து நிற்பது ஜெய்னுலாபுதீனுக்குத் தெரிந்தது.

"இம்புட்டுத்தான். எங்க பாட்டனார் பண்டகசாலைக் கல்லப் போட்டேன். அதுல சுண்ணாம்பு இருக்கு, செடிக்கு ஆகல. உங்க சம்மந்தியம்மா அன்னைக்கே சொன்னாக. நான் கேக்கல. கல்லு மேல குத்தமில்ல, என் மேலதான். ஆனா கீரை இந்தக் கொல்லையில வெளஞ்சது. மீனும் இந்தக் கொல்லையில வளந்தது."

சுஐபு சிரிக்கவில்லை. கிண்ணத்தைச் சகனில் கவிழ்த்து, அந்த ஒரு கரண்டியைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பங்கைச் சம்மந்தி பக்கம் தள்ளினார். ஜெய்னுலாபுதீன் அதைத் திருப்பித் தள்ளினார். விருந்தாளிக்கு வைத்ததைத் தான் தின்னக் கூடாது. சுஐபு மறுபடி தள்ளினார். போய் வந்ததில் கீரை சோற்றோடு கலந்தே போய்விட்டது. கடைசியில் எந்தக் கவளத்தில் யார் பங்கு என்று தெரியாமல் இருவரும் பிசைந்து தின்றார்கள்.

"மாஷா அல்லாஹ், நல்ல ருசியா இருக்கு," என்றார் சுஐபு. "உப்புத் தண்ணி ஊருல கீரை. நான் வாயத் தொறந்தது தப்பு."

"அடுத்த தடவ வாங்க சம்மந்தி. சகன் நெறைய..."

"ஐயோ, சொல்லாதீக!" திரைக்குப் பின்னாலிருந்து குல்சும் கத்தினாள். "மறுபடியும் சொல்லிப்புடாதீக!" லாமியா சிரிப்பை அடக்க மாட்டாமல் சுவரில் சாய்ந்தாள். இந்த முறை அந்தச் சிரிப்பு அவர் தொண்டையில் நிற்கவில்லை.

"சகன் நெறையக் கீரை இருக்கும், இன்ஷா அல்லாஹ்," என்று சொல்லி முடித்தார் ஜெய்னுலாபுதீன்.

வெயில் தாழ்ந்ததும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொல்லைக்குப் போய், பாத்திக் கல்லைக் கூடையில் அள்ளினார். பின்னாலேயே வந்த சுஐபு கூடையில் கை வைத்தார். "விருந்தாளி கல்லு சுமக்கக் கூடாது," என்று கூடையைத் தன் பக்கம் இழுத்தார் ஜெய்னுலாபுதீன். "விவசாயி சும்மா நிக்கக் கூடாது," என்று சுஐபு தன் பக்கம் இழுத்தார். கூடைக் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்தபடியே இருவரும் முதல் கூடைக் கல்லைப் பாத்தியிலிருந்து இறக்கினார்கள்.