நான்கெல்லைக்குட்பட்டது

“கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஆவுடையான் முந்திரிக் கொல்லை, மேற்கே ஊருணிக் கரை, வடக்கே எழுதி வாங்குபவருடைய கிணறு. இந்த நான்கெல்லைக்குட்பட்ட பூமி மூணு ஏக்கர் நாப்பது சென்ட்…” மகள் செங்கமலம் பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் வாசித்துக்கொண்டே போனாள். கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த செவந்தியின் கை முறத்தோடு அப்படியே நின்றுவிட்டது.

“இன்னொருக்க படி, ஆயி.”

“எதை?”

“அந்தக் கிழக்கே மேற்கேன்னு வந்துச்சே, அதை.”

செங்கமலம் சலித்துக்கொண்டு மறுபடி வாசித்தாள். அவள் மனமெல்லாம் பக்கத்தில் கிடந்த இன்னொரு தாளில் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் தேறிய கையோடு தலைமையாசிரியை வரவழைத்துக் கொடுத்த உதவித்தொகை விண்ணப்பம் அது. எல்லாக் கட்டங்களையும் அழகான எழுத்தில் நிரப்பி வைத்திருந்தாள். வருமானச் சான்று ஒன்றுதான் பாக்கி. அது கிடைத்துவிட்டால் புதுக்கோட்டைக் கல்லூரியில் பி.யூ.சி. சேர்ந்துவிடலாம். ஆலங்குடியிலிருந்து காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அந்த நேரங்களைக்கூட விசாரித்து வைத்திருந்தாள்.

கிராம முன்சீப்பிடம் சான்று கேட்கப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. “ஒம் புருசன் பேர்ல பட்டா நெலம் இருக்கே. இல்லாதவன்னு நான் எப்புடி எழுதுறது?” என்றார் அவர். செவந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரியகருப்பன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. அவனுடைய பங்கெல்லாம் வைத்தியத்துக்கு வாங்கிய கடனிலேயே போய்விட்டது என்றுதான் கொழுந்தன் சோலையப்பன் சொல்லியிருந்தான். அவளும் நம்பினாள். வருஷத்துக்கு இரண்டு மூட்டை கேழ்வரகு அவன் அனுப்புவான். அதைத் தயவு என்று நினைத்துக்கொண்டு, மற்ற நாளெல்லாம் கூலிக்குப் போய்த்தான் மகளைப் படிக்க வைத்தாள். முன்சீப்பே வழியும் சொன்னார். “பங்கு வேண்டாம்னு கொழுந்தன் பேருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துரு. அன்னைக்கே சர்ட்டிபிகேட்டு தாரேன்.” அடுத்த நாளே சோலையப்பன் எழுதிய நகலோடு வந்துவிட்டான். “படிக்கத் தெரிஞ்ச புள்ளதானே, படிச்சுச் சொல்லச் சொல்லுங்க மதினி” என்று நல்ல மனுஷனைப்போல் வைத்துவிட்டுப் போனான்.

கிழக்கே வண்டிப்பாதை. மேற்கே ஊருணிக் கரை. அந்தக் கொல்லையை அவளுக்குத் தெரியும். போன வருஷம் கடலை ஆய அங்கேதான் போனாள். மூன்று நாள் வெயிலில் குந்தியிருந்தாள். கூலி அளந்தபோது சோலையப்பன் பெண்டாட்டி அழகம்மாள் ஒரு கைப்பிடி கூடுதலாக மடியில் போட்டாள். அதற்கு இவள், “நீ நல்லா இருக்கணும் தாயி” என்று சொல்லிவிட்டு வந்தாள். சொந்த மண்ணிலேயே வாங்கிய கூலி அது. முறத்தைக் கீழே வைத்தாள்.

“சித்தப்பா நாளைக்கு ஆலங்குடிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாங்கள்ல? வெள்ளனமே கெளம்பிரு ஆத்தா” என்றாள் செங்கமலம்.

மறுநாள் கிளம்பினாள். பதிவு ஆபீஸ் வாசலில் சோலையப்பன் எழுத்தரோடு பேசிக்கொண்டிருந்தபோது, “தண்ணி குடிச்சுட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த தாலுகா ஆபீஸுக்குள் நுழைந்தாள். யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. ஜன்னலோரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த குமாஸ்தா கொஞ்சம் நிதானமானவராகத் தெரிந்தார். ஆத்மநாதன் என்று யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பேரையும் புருஷன் பேரையும் சொன்னாள். அவர் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்து விரலால் தேடினார்.

“பட்டா இன்னும் பெரியகருப்பன் பேர்லதாம்மா இருக்கு. அவரு இல்லைன்னா நீங்களும் ஒங்க மகளுந்தான் வாரிசு.”

“கடன்ல போயிருச்சுன்னாங்களே அய்யா?”

“போயிருந்தா வேற பேரு ஏறியிருக்கும். ஏறலையே.”

அவள் உதவித்தொகை விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “சட்டப்படி நீங்க நெலம் உள்ளவங்க. அந்தப் பணம் இல்லாதவங்களுக்கு. எழுதிக் குடுத்துட்டா கெடைக்கும். பொய் சொல்லலை நான். ஆனா ஒண்ணு. சர்ட்டிபிகேட்டு ஒரு தடவையோட முடியாது. வருசா வருசம் புதுசா வேணும்.”

வருஷா வருஷம். செவந்தி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பி.யூ.சி. ஒரு வருஷம், அப்புறம் பட்டப்படிப்பு மூன்று வருஷம். ஒவ்வொரு ஆனி மாசமும் முன்சீப் வாசலில் போய், நான் ஒன்றும் இல்லாதவள் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்டு நிற்க வேண்டும். அந்த முன்சீப் சோலையப்பனோடு ஒரே வண்டியில் சந்தைக்குப் போகிறவர். ஒரு வருஷம் அவன் முகம் கோணினாலும் படிப்பு பாதியில் நிற்கும். அப்போது நிலமும் இருக்காது.

பட்டா நகலுக்கு மனு எழுதித் தந்தார் ஆத்மநாதன். கைநாட்டு வைத்துவிட்டு வெளியே வந்தாள். சோலையப்பன் வேகமாக வந்தான்.

“எங்கிட்டுப் போனீக மதினி? நேரமாகுதுல்ல?”

“நான் எழுதித் தரலை தம்பி.”

“என்னது? புள்ள படிப்பு?”

“அது படிக்கும்.”

வீட்டில் செங்கமலம் அழவில்லை. அழுதிருந்தால் செவந்திக்குச் சமாதானம் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும். விண்ணப்பத்தை நான்காக மடித்துக் கூரை எரவாணத்தில் செருகினாள். “நாம ஒருநாளும் சாப்பிடாத நெலம் ஆத்தா அது. இருந்தா என்ன, போனா என்ன? எனக்கு இருந்தது இது ஒண்ணுதான்” என்றாள். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். மூன்று நாள் கஞ்சியை வைத்தால் குடிப்பாள், கேட்டால் தலையை ஆட்டுவாள். ஒருவேளை தான் செய்தது பிசகோ என்று செவந்தி அந்த மூன்று நாளும் உள்ளுக்குள் வெந்தாள். நாலாம் நாள் நகல் கைக்கு வந்தது. ஐந்தாம் நாள் ஊருணிக் கரைக் கொல்லையில் கடலை பிடுங்க ஆள் சொல்லியிருந்தார்கள்.

அவள் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். கிணற்றுத் தண்ணீர் பாய்ந்த கடலை, செடி நன்றாகக் காய்த்திருந்தது. சோலையப்பனும் பெண்களும் வந்தபோது அவள் கிழக்குக் கோடியில் ஒரு பாத்தியைப் பிடுங்கி முடித்திருந்தாள்.

“கூலிக்கு ஒங்களை யாரும் கூப்பிடலையே” என்றான் சோலையப்பன்.

“கூலிக்கு வரலை. பங்குக்கு வந்திருக்கேன்.” நகலை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். “வெதை ஒன்னுது, தண்ணி ஒன்னுது, பாடும் ஒன்னுது. பாதியை நீ எடுத்துக்க. மண்ணு எங்களுது. பாதி எங்களுக்கு. போன வருசத்துக் கணக்கெல்லாம் நான் கேக்கலை.”

அவன் கத்தினான். அண்ணன் செத்தபோது கொள்ளி வைத்தது யார் என்று கேட்டான். கோர்ட்டுக்குப் போவேன் என்றான்.  செவந்தி குந்தி அடுத்த செடியைப் பிடித்து இழுத்தாள். “போ தம்பி. அங்கேயும் இதே புத்தகத்தைத்தான் பாப்பாக” என்றாள் தலையை நிமிர்த்தாமல்.

வந்த பெண்கள் வரப்பிலேயே நின்றார்கள். யார் பக்கம் இறங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாளைக்கும் சோலையப்பனிடம்தான் கூலி கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பிச்சையம்மாள் மட்டும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிழக்குப் பக்கம் வந்தாள். “எனக்குக் கூலிப் படி குறையக் கூடாது, ஆமா” என்றாள் சிடுசிடுப்பாக. பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் மேற்கே போனார்கள். ஒருவரும் சொல்லாமலே கொல்லை நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது.

வெயில் ஏறியபோது பக்கத்துப் பாத்தியில் செடி பிடுங்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். செங்கமலம். பழக்கமில்லாததால் செடியை வேரோடு இழுக்காமல் முறித்துக்கொண்டிருந்தாள்.

“அடியில புடிச்சு ஆட்டி இழு. காய் மண்ணுக்குள்ள நின்னுரும்” என்றாள் செவந்தி.

“சரி ஆத்தா” என்றாள் மகள். ஐந்து நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

ஆய்ந்து, அளந்து, நாலு நாள் உலர்த்தி ஆலங்குடி மண்டியில் போட்டார்கள். ஈரம் இருக்கிறது என்று விலையைக் குறைத்தார்கள். ஆனாலும் முதல் தவணைக் கல்லூரிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் வந்தது. அடுத்த தவணைக்கு இந்த மண்ணைத்தான் மறுபடி கேட்க வேண்டும். கட்டுவதற்குக் கடைசி நாளில் இருவரும் புதுக்கோட்டைக்குப் போனார்கள். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர், “உதவித்தொகைக்கு மனு ஏதும் உண்டா?” என்று கேட்டார். செங்கமலம் அம்மாவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, “இல்ல சார், கட்டிருறோம்” என்றாள். ரசீதை அவளே வாங்கி, படித்து, மடித்து வைத்துக்கொண்டாள். பாடப்புத்தகம் விசாரிக்க ஒரு தோழியோடு அவள் அங்கேயே தங்க, செவந்தி மட்டும் பஸ் ஏறினாள்.

ஆலங்குடி தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. இறங்கியவள் வீட்டுக்குப் போகாமல் கொல்லைப் பக்கம் நடந்தாள். இந்த ஈரத்தில் உழுதுவிட்டால் ஆடிக்கு விதைக்கலாம். ஏருக்கு யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனாள். வண்டிப்பாதையிலிருந்து கொல்லைக்கு இறங்கும் இடத்தில் ஆள் உயரத்துக்கு முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது. காலையில் வெட்டிய முள்தான். இலைகூட வாடவில்லை. அதற்கு அப்பால், பிடுங்கிய பாத்திகளில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நிறைந்து நின்றது.

செவந்தி சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. சேலைத் தலைப்பைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிடந்த கிளையின் அடியைப் பிடித்தாள். அது மற்றதோடு பின்னிக்கொண்டு வர மறுத்தது. அசைத்து, விடுவித்து, இழுத்துப் பாதை ஓரம் போட்டாள். மழை முகத்தில் அடித்தது. அடுத்ததைப் பிடித்தாள்.